பாண் வண்டியில் எட்டு மைதானம்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன். இந்த நாட்டுக்கு வந்து என் கையால் ஆனவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஆட்கள் மறந்துவிடுவார்கள். அகதி முகாமில் பதினாறு பேருக்கு இரண்டு அடுப்பு இருந்த காலத்தில், எறிந்து கிடந்த கட்டில் சட்டங்களை வெட்டி, ஒவ்வொருவர் சட்டிக்கும் தனித்தட்டு வைத்த அலுமாரி ஒன்று செய்தேன். அதன் பிறகு அந்தக் குசினியில் சண்டை பாதியாகக் குறைந்தது. கொலோனில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் முதல் கலைவிழாவுக்குப் பழைய கதவுகள் பதினொன்றால் மேடை போட்டேன். நாற்பது பிள்ளைகள் ஒன்றாகக் குதித்தார்கள், ஓர் ஆணி அசையவில்லை. கெவலார் மாதா திருவிழாவுக்குப் போகிற சனத்துக்குச் சோறு அவிக்க எண்ணெய்ப் பீப்பாயில் அடுப்புச் செய்தேன். அதில் இப்போதும் அவிக்கிறார்கள், யார் செய்தது என்று கேட்டால் "அது முந்தியே இருந்தது" என்கிறார்கள். இவற்றில் எதற்கும் எனக்கு ஒருவரும் வரைபடம் கீறித் தரவில்லை. படித்த மனிதர்கள் வந்து பார்த்து, இது நிற்காது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாம் நின்றன.

எல்லாவற்றிலும் பெரியது தொண்ணூறுகளின் நடுவில் நான் கட்டிய வோன்மோபில். சக்கரம் வைத்த வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே படுக்கலாம், சமைக்கலாம், மழைக்கு ஒதுங்கலாம். அதில் என் மனைவியை ஏற்றி, ஜேர்மனியின் முதல்தரப் பேஸ்போல் லீக்கில் வடக்குப் பிரிவு மைதானங்கள் எட்டையும் ஒரே கோடையில் சுற்றிக் காட்டினேன். ஜேர்மனியில் பேஸ்போலா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

பேஸ்போல் பைத்தியம் எனக்கு இல்லை, என் மனைவிக்குத்தான். அவள் பான் நகரில் ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் வீட்டில் துப்புரவு வேலை செய்தாள். அந்த வீட்டு அம்மாவின் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் அங்குள்ள அமெரிக்கர் மைதானத்தில் விளையாடுவார்கள். அந்த அம்மாதான் ஆட்டத்தை எழுதுகிறவர். பேஸ்போலில் வெறும் ஓட்டக் கணக்கு எழுதினால் போதாது. ஒவ்வொரு பந்துக்கும் என்ன நடந்தது, யார் பிடித்தார், யார் கை தவறவிட்டார் என்று கட்டம் கட்டமாகப் பென்சிலால் எழுத வேண்டும். ஒருநாள் அந்த அம்மாவுக்குத் தலையிடி. பக்கத்தில் இருந்த என் மனைவியிடம் பென்சிலைக் கொடுத்தார். அதோடு சரி, பென்சில் திரும்பிப் போகவில்லை. குடும்பம் அமெரிக்காவுக்கு மாற்றலாகிப் போனபோது ஒரு புதுப் பதிவுப் புத்தகத்தையும் இவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் இவள் எங்கள் ஊர்க் கழகத்தின் மைதானத்துக்குப் போய், வேலியோரம் நின்று எழுதத் தொடங்கினாள். நானும் போனேன். பார்த்த பத்தாவது நிமிடமே எனக்கு ஆட்டம் விளங்கிவிட்டது.

"இது எங்கட எல்லேதானப்பா," என்றேன். இலங்கையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பொல்லால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடுகிற அந்த விளையாட்டில் நான் கெட்டிக்காரன். "இதை எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை."

"எல்லேயிலை ஆர் தாள் வைச்சு எழுதினது?" என்று கேட்டாள்.

"எழுதாமலே வெண்டனாங்கள்."

"அதுதான் ஒருத்தருக்கும் தெரியேல்லை."

அந்தக் கழகத்தில் ஆட்டம் எழுதுகிறவர் அந்த வருடத்தோடு வேறு ஊருக்குக் குடிபோவதாக இருந்தார். எழுதுகிறவர் இருப்பதற்கென்று மைதானத்தில் ஒரு மேசையும் கதிரையும் உண்டு. என் மனைவிக்கு அந்தக் கதிரை வேண்டும். அவள் என்னிடம் நகை கேட்டதில்லை, சேலை கேட்டதில்லை. கதிரை கேட்டாள்.

"உதிலை இருந்து என்ன கிடைக்கப் போகுது உமக்கு?" என்றேன்.

"அந்த மேசையிலை இருக்கிற ஆள் எழுதினால்தான் அடி அடி, பிழை பிழை. ஏழு வருசமாய் மற்றவை விட்ட ஊத்தையைத் துடைச்சிட்டன். இனி மற்றவை விட்ட பிழையை எழுதப் போறன்."

கழகத்தின் தலைவர் ஒரு பல் வைத்தியர். மரியாதையான மனிதர், ஆனால் ஒரு பல்லைப் பிடுங்கவே மூன்று முறை யோசிக்கிறவர். அவர் இவளுடைய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எழுத்து நன்றாக இருக்கிறது, ஆனால் எழுதுகிறவர் அணியோடு எல்லா ஊருக்கும் போக வேண்டும், பழக்கமில்லாத மைதானத்திலும் தடுமாறாமல் எழுத வேண்டும், உங்களால் ஏலுமா என்று இழுத்தார். கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார். இந்தப் பிரிவில் உள்ள எட்டு மைதானத்திலும் ஒவ்வொரு முழு ஆட்டத்தை எழுதி, அந்தந்த இடத்தில் ஆட்டம் எழுதுகிறவரின் கையெழுத்தோடு எட்டுத் தாள் கொண்டுவர வேண்டும், பருவம் முடியமுன். ஒரு தாள் குறைந்தாலும் கதிரை வேறு ஆளுக்கு.

எட்டு மைதானமும் எட்டுத் திசையில். ரயிலில் போய் வர ஏலாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பல இடங்களுக்குப் பஸ்ஸே இல்லை. அவள் முகம் வாடியது. அப்போது நான் சொன்னேன்: "நான் வண்டி கட்டுறன்."

நான் ஒரு வெதுப்பகத்தில், அதாவது பாண் என்கிற ரொட்டி சுடுகிற இடத்தில், தட்டுக் கழுவுகிற வேலையில் இருந்தேன். அவர்கள் ஒரு பழைய பாண் வண்டியை இரும்புக்குப் போட இருந்தார்கள். அதைக் கேட்டு வாங்கினேன். உள்ளே இரண்டு பக்கமும் பாண் தட்டுத் தள்ளுகிற தண்டவாளங்கள் இருந்தன. வேறு யாராக இருந்தாலும் அவற்றைக் கழற்றி எறிந்திருப்பார்கள். நான் அவற்றின் மேலேயே படுக்கைப் பலகையைத் தட்டுப் போலச் செய்து விட்டேன். தள்ளினால் உள்ளே போகும், இழுத்தால் கட்டில். அதற்குக் கீழ்த் தட்டில் மேசை, அதற்கும் கீழே சமையல் பலகை. கிழமைக் கணக்கில் அவள் அந்த வண்டியைத் தேய்த்துக் கழுவினாள், ஆனால் பாண் வாசம் மட்டும் போகவே இல்லை. மழை பெய்தால் இன்னும் கூடும்.

வண்டிப் பரிசோதனையில் மூன்று தரம் திருப்பி அனுப்பினார்கள். முதல் தரம், கட்டிலை இழுத்தால் கதவு திறக்காது என்றார்கள். இரண்டாம் தரம், காஸ் சிலிண்டரைக் கயிற்றால் கட்டக் கூடாது என்றார்கள். மூன்றாம் தரம், நான் வைத்த புகைக்குழாய் பாலத்தில் இடிக்கும் என்றார்கள். நாலாம் தரம் பரிசோதகர் சுற்றிச் சுற்றி வந்து, கட்டிலைத் தள்ளி, இழுத்து, மறுபடி தள்ளினார். "இதற்கு யார் என்ஜினியர்?" என்று கேட்டார். நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் முத்திரை குத்திவிட்டு இன்னொரு முறை கட்டிலை இழுத்துப் பார்த்தார்.

சங்கத்துச் செயலாளர் வண்டியைப் பார்க்க வந்தார். "அண்ணை, சனம் கெவலாருக்குப் போக வண்டி கட்டும். நீங்கள் பந்தடி பாக்கக் கட்டியிருக்கிறியள். மாதா கோவிக்க மாட்டாவே?"

"மாதாவுக்கு அடுப்புச் செய்து குடுத்தனான். அவ கோவிக்க மாட்டா," என்றேன்.

ஒரேயொரு வேலையை மட்டும் நான் செய்யவில்லை. வண்டியின் பக்கத்தில் வெதுப்பகம் கீறியிருந்த பெரிய பிறெற்சல் படம், அதுதான் முடிச்சுப் போட்டது போல இருக்கிற உப்புப் பாண், அதை நான் அழிக்காமல் அப்படியே விட்டேன். அழகாக இருந்தது. அதன் பலனை முதல் மைதானத்திலேயே கண்டோம். வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, அவள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் ஏழெட்டு ஜேர்மன்காரர் வரிசையில் நிற்கிறார்கள். பிறெற்சல் விற்க வந்த வண்டி என்று நினைத்துவிட்டார்கள்.

"இல்லையெண்டு சொல்லி அனுப்பட்டே?" என்று கேட்டேன்.

"வாசலுக்கு வந்தவையை வெறுங்கையோடை அனுப்பேலுமே? அந்த றோல்ஸ் பெட்டியை எடுங்கோ."

வழிச் சாப்பாட்டுக்கு அவள் முப்பது மட்டன் றோல் பொரித்திருந்தாள். அது அன்றே முடிந்தது. அடுத்த மைதானத்துக்கு அறுபது பொரித்தோம். சுருட்டுகிறது நான், பொரிக்கிறது அவள். காசு வாங்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் யார் காசு வாங்குவார்? மூன்றாவது மைதானத்துக்குப் போவதற்குள் எங்கள் கதை எங்களுக்கு முன்னால் போயிருந்தது. நாங்கள் வளைவில் திரும்பும்போதே, "பாண் வண்டி வருகிறது" என்று ஆட்கள் கை காட்டினார்கள்.

மைதானம் என்றால் அமெரிக்காவில் போல ஐம்பதாயிரம் பேர் இருக்கிற கட்டடம் என்று நினைக்க வேண்டாம். ஒரு இடத்தில் உதைபந்தாட்டக் கோல் கம்பத்தை எடுக்காமலே விளையாடினார்கள். இடது பக்கத்தில் நிற்கிறவன் பந்தைப் பார்த்து ஓடுவானா, கம்பத்தைப் பார்த்து ஓடுவானா என்று அவனுக்கே தெரியவில்லை. இன்னொரு இடத்தில் வேலிக்கு அப்பால் மாடுகள் மேய்ந்தன. தூர அடித்த பந்தை எடுக்கப் போனவன் மாட்டிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றான். ஆற்றங்கரை மைதானத்தில் தண்ணீரில் விழுகிற பந்தை அள்ள, மீன் பிடிக்கிற வலையோடு ஒருவரைக் கரையில் நிறுத்தியிருந்தார்கள். நான் எல்லா இடத்திலும் வேலியில் சாய்ந்து நின்று, எல்லே முறைப்படி எப்படி அடிக்க வேண்டும் என்று தமிழில் சொல்லிக் கொடுத்தேன். சில பேர் கேட்டார்கள் என்றே நினைக்கிறேன், அடி பட்டது.

ஐந்தாவது மைதானத்தில் மழை. மழை விட்ட பிறகும் வீட்டுத் தட்டைச் சுற்றி, அதாவது அடிக்கிறவன் நிற்கிற இடத்தில், முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீர். ஆட்டம் ரத்து என்று அறிவிக்கப் போனார்கள். அந்த மைதானத்தில் எங்களுக்கு வேறு ஞாயிறு கிடையாது. நான் வண்டிக்குப் போய், எங்கள் கட்டிலின் பஞ்சு மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து தண்ணீரில் போட்டேன். அது குடிக்கக் குடிக்க நானும் மைதானத்து ஆட்கள் இரண்டு பேரும் பிழிந்து பிழிந்து ஊற்றினோம். முக்கால் மணித்தியாலத்தில் தரை தெரிந்தது. ஆட்டம் நடந்தது, தாள் கிடைத்தது. வீடு வரும் வரையில் மெத்தை வண்டிக் கூரையில் சொட்டிக்கொண்டே வந்தது. என் மனைவி வெறும் பலகையில் இருந்தபடி பென்சில் சீவினாள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இப்படி ஏழு தாள் சேர்ந்தது. எட்டாவது மைதானத்தில் அந்த வருடத்துக்குக் கடைசி ஆட்டம். அதை விட்டால் வேறு வழி இல்லை. பல் வைத்தியர் தாமே பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று காலை அவள் பூசைக்குப் போகிற சேலையைக் கட்டினாள். நான் நூற்றிருபது றோல் சுருட்டினேன்.

ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் இரண்டு முடிந்தது. அப்போதுதான் கவனித்தேன்: எல்லோரும் சாப்பிடுகிறார்கள், அம்பயர் மட்டும் சாப்பிடவில்லை. கறுப்புச் சட்டை, நெஞ்சுக் கவசம், கையில் முகமூடி, வெயிலில் தனியாக நிற்கிறார். எங்கள் ஊர்ப் பெருநாளில் சுவாமியார் இலையில் கை வைக்கமுன் வேறு யாராவது வைப்பார்களா? இந்த மைதானத்தில் எல்லோருக்கும் பெரியவர் அவர். அவரைப் பசியோடு நிற்க வைத்துவிட்டு நாங்கள் சாப்பிடுவது எவ்வளவு மரியாதைக்குறைவு. ஒரு தட்டில் கடதாசி விரித்து, இரண்டு றோலும் ஒரு கோப்பை தேத்தண்ணியும் வைத்து, நேராக மைதானத்துக்குள் நடந்து போய் நீட்டினேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வாங்கினார். ஒன்றைத் தின்று, கண்ணைத் துடைத்து, இரண்டாவதையும் தின்றார். எனக்குத் திருப்தி.

ஐந்தாவது இன்னிங்ஸில், வெளியூரில் இருந்து வந்த அணியின் பயிற்றுநர் மைதானத்துக்குள் வந்தார். செம்பட்டைத் தாடிக்காரர், பெரிய குரல். உள்ளூர்க் கழகத்தின் ஆள் ஒருவர் ஆட்டத்தின் நடுவில் அம்பயருக்குப் பகிரங்கமாக உபசாரம் செய்திருக்கிறார், இப்படிப்பட்ட அம்பயரின் கீழ் எங்கள் அணி விளையாடாது என்றார். தன் பிள்ளைகள் எல்லோரையும் வெளியே கூப்பிட்டார். அவர் என்னை உள்ளூர்க் கழகத்தின் ஆள் என்று நினைத்துவிட்டார். வண்டி உள்ளூர்க்காரருடைய பக்கத்தில்தான் நின்றது. அம்பயருக்கு முகம் சிவந்தது. என்னை விலைக்கு வாங்க ஏலும் என்று சொல்கிறீர்களா, அப்படியானால் ஆட்டம் இத்தோடு முடிந்தது என்று அவரும் முகமூடியைக் கழற்றினார்.

முடிந்தால் அரைத் தாள். அரைத் தாளுக்குக் கதிரை இல்லை. பல் வைத்தியர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

என் மனைவி மேசையை விட்டு எழும்பி என்னிடம் வந்தாள். "அம்பயருக்குக் குடுக்கச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. மரியாதைக்குக் குடுத்தனான்."

"எத்தினையாம் இன்னிங்ஸ்?"

"என்ன?"

"எத்தினையாம் இன்னிங்ஸிலை குடுத்தனீங்கள், அதைச் சொல்லுங்கோ."

"ரெண்டு முடிஞ்சு, மூண்டு தொடங்க முன்னம்."

அவள் தாளைப் பார்த்தாள். விரலால் கட்டங்களை எண்ணினாள். நான் அதற்குள் சமாதானத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன்: வந்த அணிக்கும் ஆளுக்கு இரண்டு றோல். எல்லோரும் தின்றுவிட்டால் யாரும் யாரையும் வாங்கியதாகாது. பெட்டியோடு புறப்பட்டேன். "நீங்கள் அதை வைச்சிட்டு அதிலை நில்லுங்கோ," என்றாள். நான் நின்றேன்.

சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கு நடந்து போனாள். பின்னேரப் படிப்புக்குப் போய் ஜேர்மன் கற்றவள். என்னைப் போல வேலியோரம் கற்றது இல்லை. இவர் உள்ளூர்க் கழகத்தின் ஆள் இல்லை, என் கணவர், அது ஒரு தனிக் கதை என்று தொடங்கினாள். பிறகு தாளைத் தாடிக்காரரின் முன்னால் விரித்தாள்.

பேஸ்போலில் அடிக்கிறவன் மட்டையை அசைக்காமல் நிற்க, பந்து சரியாக வந்தது என்று அம்பயர் மூன்று முறை தீர்ப்புச் சொன்னால் அவன் அவுட். அப்படி அவுட்டானவனின் கட்டத்தில் கே என்ற ஆங்கில எழுத்தைத் திருப்பி எழுத வேண்டும். அது முழுக்க முழுக்க அம்பயரின் வாயில் இருக்கிற தீர்ப்பு. இவளுடைய தாளில் றோல் கொடுக்கமுன் உள்ளூர் அணிக்குத் திருப்பின கே ஒன்றுகூட இல்லை. றோல் தின்ற பிறகு நாலு. வந்த அணிக்கு ஒன்று.

"இவர் சாப்பிட்ட பிறகு உள்ளூர்க்காரர் நாலு பேரை நிற்க வைத்தே வெளியே அனுப்பியிருக்கிறார்," என்று இவள் சொன்னாள். "இது லஞ்சம் என்றால், உங்களுக்குத்தான் லாபம்."

தாடிக்காரர் எண்ணினார். திருப்பி எண்ணினார். உள்ளூரில் ஆட்டம் எழுதுகிறவரின் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று கேட்டார். அந்த மனிதர் நான்காவது இன்னிங்ஸில் இரண்டு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்தார். அவருடைய தாளில் நிரப்பின கட்டங்களைவிட எண்ணெய்ப் பொட்டுகள்தான் கூட. என் றோலின் சுவைக்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. கடைசியில் அம்பயரே குனிந்து தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தாடிக்காரரும் சிரித்தார். எனக்கும் ஒன்று கிடைக்குமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் பெட்டியைத் திறக்கப் போனேன்.

"ஆட்டம் முடியட்டும்," என்றாள் என் மனைவி, ஜேர்மனில் அவருக்கும் தமிழில் எனக்கும்.

ஆட்டம் முடிந்தது. தாளில் கையெழுத்து விழுந்தது. பல் வைத்தியர் எட்டுத் தாளையும் கார் மூடியின் மேல் பரப்பிப் பார்த்தார். எட்டாவதை நெடுநேரம் வைத்திருந்தார். இப்படி ஒருவர் எங்கள் மேசையில் இருந்தால் எங்களோடு வழக்காட ஒருவரும் வரமாட்டார்கள் என்று சொல்லி அவளுக்குக் கை கொடுத்தார். அடுத்த வசந்தத்தில் அவள் அந்தக் கதிரையில் இருந்தாள். அணியோடு ஊர் ஊராகப் போய் வந்தாள். அதற்கும் பல தடவை வண்டி ஓட்டியது நான்தான். கழகத்தின் சஞ்சிகையில் அவளுடைய படம் வந்தது, சேலையோடு, பென்சிலோடு. எட்டு மைதானம் சுற்றிய பெண்மணி என்று எழுதினார்கள். எதில் சுற்றினார், யார் ஓட்டினார் என்று ஒரு சொல் இல்லை. படத்தின் ஓரத்தில் பிறெற்சலின் பாதி தெரிகிறது, அவ்வளவுதான்.

சரி, பத்திரிகைக்காரருக்கு இடம் போதவில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் எட்டாவது தாளின் அடியில் குறிப்புகள் என்று ஒரு கோடு இருக்கிறது. கழகத்தில் அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய பிறகுதான் நான் அதை வாசித்தேன். "ஐந்தாவது இன்னிங்ஸில் ஆட்டம் பன்னிரண்டு நிமிடம் தடைப்பட்டது. காரணம்: எழுதுபவரின் கணவர், இரண்டு றோல்."

"ஏனப்பா இப்பிடி எழுதினீர்?" என்று கேட்டேன்.

"நடந்ததைத்தானே எழுதலாம்."

"அப்ப மெத்தை நடக்கேல்லையே? வண்டி நடக்கேல்லையே?"

"அதுக்குக் கட்டம் இல்லையப்பா."

நான் யோசித்துப் பார்த்தேன். நான் அன்று தட்டை நீட்டாமல் விட்டிருந்தால் சண்டை வந்திராது. சண்டை வராவிட்டால் எட்டாவது தாளும் மற்ற ஏழைப் போல ஒரு தாள். பல் வைத்தியர் வழக்கம்போல மூன்று முறை யோசித்திருப்பார். அவர் கண்முன்னால் அவள் எப்படிப்பட்ட ஆள் என்று காட்டியது என் இரண்டு றோல். இதைச் சொன்னால் என் மனைவி சிரிக்கிறாள். இல்லை என்று மட்டும் இன்று வரையில் சொன்னதில்லை.

ஆகவே கழகத்தாரிடமும் அந்தத் தாளை எழுதியவரிடமும் எழுத்தில் கேட்கிறேன். அந்த வரியை அழிக்கச் சொல்லவில்லை, நடந்தது நடந்ததுதான். அதற்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு இடம் கிடக்கிறது, நான் அளந்து பார்த்தேன். சட்டத்தைக் கழற்றி, அதே பென்சிலால், அதே கையால் இப்படி எழுத வேண்டும்: வண்டி, மேசை, கட்டில், எட்டு மைதானத்துக்குமான ஓட்டம், ஐந்தாவது மைதானத்தில் தண்ணீர் இறைப்பு, றோல் சுருட்டியது: எழுதுபவரின் கணவர். சட்டத்தைக் கழற்ற ஆணி பிடுங்கி வேண்டுமென்றால் நான் கொண்டு வருகிறேன்.